கல்லூரிப் பணியும் ஏட்டுப் பணியும்: உ.வே.சா. பொழுதைப் பகுத்த முறை

கல்லூரி ஆசிரியரின் பொழுது யாருக்கு உரியது? வகுப்பறைக்கு உரியது என்பர் நிருவாகத்தார். மாணவர்க்கு உரியது என்பர் பெற்றோர். ஆய்வுக்கு உரியது என்பர் பல்கலைக்கழகத்தார். வீட்டார் தம் பங்கை வாய்விட்டுக் கேட்பதில்லை, கேளாமலே இழந்துவிடுகின்றனர்.

பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டு வகுத்த நெறிமுறைகளின்படி, ஆசிரியரின் பணி வாரத்திற்கு 40 மணி நேரத்திற்குக் குறையாதது. அதில் உதவிப் பேராசிரியர் நேரடியாகக் கற்பிக்க வேண்டியது 16 மணி நேரம். எஞ்சிய 24 மணி நேரம் ஏட்டளவில் நமக்குரியதுபோலத் தோன்றும். விடைத்தாள், வருகைப் பதிவேடு, குழுக் கூட்டம், தேர்வுக்கூடக் கண்காணிப்பு, நிரப்பித் தரவேண்டிய படிவங்கள் என அது கரைந்துபோகும் விதத்தை இத்தொழிலில் இருப்போர் அறிவர். நம் இலக்கிய வட்டத்தில் ஆசிரியப் பணியில் உள்ள கவிஞர் பலர். திங்கள்தோறும் கூடும் நம் கூட்டத்திற்கு வர இயலவில்லை, எழுதத் தொடங்கிய கவிதை பாதியில் நிற்கிறது, காரணம் கல்லூரி வேலை என்னும் சொற்களை இப்பத்தாண்டுகளில் எத்தனை முறை கேட்டிருப்போம்! நானும் சொன்னவள்தான். அச்சொல் எவ்வளவு நேரியது என்பதை அளந்து பார்க்க விரும்பியபோது, என் மனம் நாடியது மகாமகோபாத்தியாய டாக்டர் உ.வே. சாமிநாதையரின் வாழ்வை. ஏடு தேடிய பெருமகனாகவே நாம் அவரைப் போற்றுகிறோம். ஏறத்தாழ 39 ஆண்டுகள் அவர் மாதச் சம்பளம் பெற்ற கல்லூரி ஆசிரியர் என்பதை எளிதில் மறந்துவிடுகிறோம்.

வகுப்பறைக்கு வந்த வழி

1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் பிறந்த ஐயரின் ஊர் உத்தமதானபுரம். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர். மகன் தமிழை நாடினார். 1871ஆம் ஆண்டில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணாக்கராகச் சேர்ந்து, 1876இல் அவர் மறையும்வரை உடனிருந்து பாடம் கேட்டார். அக்கல்வியில் மணி அடிப்பதில்லை. பாடவேளை என்பதும் இல்லை. ஆசிரியர் நடக்கும்போதும் பாடம், உண்டபின்னும் பாடம். பின்னர்த் திருவாவடுதுறை ஆதீனத்தில் சுப்பிரமணிய தேசிகரின் அரவணைப்பிலும் அவ்வாழ்வே தொடர்ந்தது. பொழுதைப் பகுக்க வேண்டிய தேவையே அங்கு எழவில்லை. பொழுது முழுவதும் தமிழாகவே இருந்தது.

கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த தியாகராச செட்டியார், மகாவித்துவானின் மாணாக்கர். தாம் ஓய்வு பெறும் நிலையில், அவ்விடத்திற்குத் தம் ஒருசாலை மாணாக்கராகிய ஐயரைப் பரிந்துரைத்தார். 1880ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் ஐயர் பணியேற்றார். இருபத்தைந்து வயது நிறைவதற்கு மூன்று நாள்களே இருந்தன. சம்பளம் 50 ரூபாய். ஆங்கிலமே கோலோச்சிய கல்லூரியில், ஆங்கிலக் கல்வி பெறாத இளைஞர் ஒருவர், புகழ்பெற்ற ஒருவரின் இடத்தில் நின்று மாணவரின் மதிப்பைப் பெறவேண்டியிருந்தது. தந்தை வழி வந்த இசை துணை செய்தது. செய்யுளை இராகத்தோடு பாடிப் பொருள் சொன்னார். மாணவர் மனம் வசமாயிற்று.

மணி அடித்தால் தொடங்கி, மணி அடித்தால் நிறுத்தும் வாழ்வு அன்று தொடங்கியது. மாலையும் விடுமுறையும் அவர் கைக்கு வந்தன. அவற்றை என்ன செய்வது என்பதை முடிவு செய்தது எட்டுத் திங்கள் கழித்து நிகழ்ந்த ஒரு சந்திப்பு.

இரண்டாம் பணி

1880 அக்டோபர் 21ஆம் நாள், கும்பகோணத்திற்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார் ஐயர். என்னென்ன கற்றிருக்கிறீர் என்று முதலியார் வினவ, அந்தாதி, கலம்பகம், உலா, கோவை, புராணம் என ஐயர் அடுக்கினார். முதலியார் வியப்புக் காட்டவில்லை. சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை முதலியவற்றைப் பற்றிக் கேட்டார். மகாவித்துவானிடம் கற்றவர், கல்லூரியில் கற்பிப்பவர், அந்நூல்களைப் படித்திருக்கவில்லை. அவர்மீது இதற்குக் குற்றமில்லை. அன்றைய தமிழ்க் கல்வியின் எல்லை அதுவாகவே இருந்தது. ஆயினும் அவ்வெல்லையை ஒருவர் சுட்டிக்காட்டியபோது, அதனைத் தமக்கு இழைத்த அவமதிப்பாகக் கொள்ளாமல், தம் கல்வியின் குறையாகக் கொண்டார் ஐயர். இந்த ஒரு பண்பிலிருந்தே பின்வந்த அனைத்தும் கிளைத்தன என்பது என் கருத்து.

முதலியார் தந்த சிந்தாமணிப் பிரதியைக் கொண்டு படிப்புத் தொடங்கியது. பகலில் கல்லூரி, பிற பொழுதில் சீவகன் கதை. நச்சினார்க்கினியர் உரையில் சமணக் கோட்பாடுகள் வரும் இடங்களில் தடை ஏற்பட்டபோது, கும்பகோணத்தில் வாழ்ந்த சமணரை நாடிச் சென்று அவர்களிடம் பாடம் கேட்டார். கல்லூரியில் ஆசிரியர், மாலையில் மாணவர். உரையாசிரியர் பெயர் சுட்டாமல் காட்டிய மேற்கோள்கள் எந்நூலைச் சார்ந்தவை என்று தேடப் புகுந்ததன் பயனாக, திருவாவடுதுறை மடத்து ஏடுகளில் எட்டுத்தொகை நூல்கள் அவர் கண்ணிற்பட்டன. ஒரு நூலைச் செம்மையாகப் படிக்க முனைந்தவருக்கு ஓர் இலக்கிய உலகமே திறந்தது.

ஏழாண்டு உழைப்பின் பின் 1887இல் சீவகசிந்தாமணி பதிப்பாகி வந்தது. அச்சுக்கூடம் சென்னையில்; ஆசிரியப் பணி கும்பகோணத்தில். விடுமுறையில் சென்னைக்குச் சென்று அச்சு வேலையைக் கவனிப்பார், கல்லூரி திறந்ததும் திரும்பிவிடுவார், பின்னர் அச்சுப்படிகள் அஞ்சலில் வரும், திருத்தி அனுப்புவார். செலவுக்குப் பொருள் வேண்டிக் கையொப்பக்காரர்களைச் சேர்த்ததும் அவர்தாம். பதிப்பாசிரியர், மெய்ப்புத் திருத்துநர், பொருள் திரட்டுநர், கடிதம் எழுதுநர் என நால்வர் செய்யவேண்டிய வேலையை, ஐந்தாவதாக ஒரு சம்பள வேலையும் உடைய ஒருவர் செய்தார்.

பின்னர்ப் பத்துப்பாட்டு 1889இல், சிலப்பதிகாரம் 1892இல், புறநானூறு 1894இல், மணிமேகலை 1898இல். இவை யாவும் கும்பகோணத்து ஆசிரியராக இருந்த காலத்தில் வெளிவந்தவை. பயணங்களோ பல. ஆழ்வார்திருநகரியில் கவிராயர் இல்லங்களில் தேடிப் பத்துப்பாட்டு ஏட்டைக் கண்டபோது அடைந்த மகிழ்ச்சியும் உண்டு. கரிவலம்வந்தநல்லூர்க் கோயில் ஏடுகள் நெருப்பில் ஆகுதியாக இடப்பட்டன எனக் கேட்டபோது அடைந்த வேதனையும் உண்டு. ஏடுகளைச் செல்லும் நெருப்பும் தின்றுகொண்டிருந்தன. கல்லூரி நாட்காட்டி அவற்றுக்குத் தெரியாது. அவருடைய விடுமுறைகள் ஓய்வுக்குரியனவாய் அமையாமற் போனதன் காரணம் இதுவே.

ஒன்றையொன்று ஊட்டிய பணிகள்

இங்கே நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. கல்லூரிப் பணி ஏட்டுப் பணிக்குத் தடையாக மட்டும் இருந்ததா? இல்லை என்றே தோன்றுகிறது. மாதந்தோறும் வந்த சம்பளம் குடும்பத்தைக் காத்தது. கல்லூரி தந்த பதவி, மடங்களிலும் மாளிகைகளிலும் கதவு திறக்கத் துணை நின்றது. சக ஆசிரியரும் உதவினர். மணிமேகலையில் பௌத்தக் கருத்துகள் விளங்காது நின்றபோது, அக்கல்லூரியில் பணியாற்றிய மளூர் ரங்காசாரியர் அச்சமயத்தின் நுட்பங்களை விளக்கினார். வேறொரு துறையைச் சார்ந்த ஆசிரியர் தம் பொழுதைத் தமிழ் நூல் ஒன்றிற்காக ஈந்தார். அந்த ஈகை இல்லையேல் மணிமேகலைப் பதிப்பு அவ்வளவு தெளிவாக வந்திருக்குமா என்பது ஐயமே. இன்று ஆசிரியர் அறைகளில் நாம் பேசிக்கொள்வது எதைப் பற்றி என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

வகுப்பறையும் அவருக்குப் பயிற்சிக்களமாயிற்று. புரியாத மாணவன் ஒருவன் முகத்தைப் பார்த்துப் பாடம் சொல்லிப் பழகியவர், நூலைப் பதிப்பிக்கும்போதும் அம்முகத்தை மறக்கவில்லை. நூலாசிரியர் வரலாறு, கதைச் சுருக்கம், அரும்பத அகராதி, மேற்கோள் விளக்கம் என அவர் பதிப்புகளில் அமைந்த பகுதிகள், வகுப்பில் எழும் வினாக்களுக்கு முன்னதாகவே எழுதிய விடைகள் போன்றவை. வெறும் புலவராக மட்டும் இருந்திருப்பின் ஏட்டை அப்படியே அச்சிட்டிருப்பார்; ஆசிரியராகவும் இருந்ததால் அதனைக் கற்கத்தக்க நூலாக ஆக்கினார்.

சென்னை வாழ்வு

1903 நவம்பரில் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகி வந்தார். திருவல்லிக்கேணியில் குடியமர்ந்த இல்லத்திற்குத் தியாகராச விலாசம் என்று பெயரிட்டார். தமக்கு வகுப்பறையைத் தந்தவரின் பெயரை வாசலில் எழுதிவைத்த நன்றியுணர்வு அது. ஐங்குறுநூறு 1903இலும் பதிற்றுப்பத்து 1904இலும் வந்தன. 1906இல் மகாமகோபாத்தியாயப் பட்டம் பெற்றார்.

பதிற்றுப்பத்திற்குப் பின் அவர் பதிப்பித்த அடுத்த சங்கத் தொகை நூல் பரிபாடல், ஆண்டு 1918. இடையே பதினான்கு ஆண்டுகள். வேறு நூல்களும் மறுபதிப்புகளும் வந்துகொண்டிருந்தன என்பது உண்மையே. எனினும் அச்சுக்கூடம் அருகிலிருந்த நகரில், முன்னினும் வசதி மிக்க காலத்தில், தொகை நூலொன்று இவ்வளவு காத்திருந்தது. பொழுது கிடைத்தால் மட்டும் வேலை முடிந்துவிடுவதில்லை. ஏடும் கிடைக்கவேண்டும், கிடைத்த ஏடு தெளியவும் வேண்டும். ஆண்டுக்கு இத்தனை கட்டுரை என்று கணக்குக் காட்டவேண்டிய இன்றைய ஆசிரியர் நிலையில் அவர் இருந்திருப்பின், அந்தப் பதினான்கு ஆண்டுகளை எந்தப் படிவத்தில் எப்படி நிரப்பியிருப்பார்?

1919இல் ஓய்வு பெற்றபோது அகவை 64. ஓய்வு என்பது பெயரளவில்தான். 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக இருந்தார். பெருங்கதை 1924இல் வெளிவந்தது. பழைய உரை மறைந்துபோன குறுந்தொகைக்குத் தாமே உரை எழுதி 1937இல் பதிப்பித்தபோது அவருக்கு வயது 82. சென்னைப் பல்கலைக்கழகம் 1932இல் டாக்டர் பட்டம் அளித்துச் சிறப்பித்தது. முனைவர் பட்டத்தை வேலைக்குரிய தகுதியாகத் தொடக்கத்திலேயே தேடும் என் போன்றோருக்கு, ஐம்பதாண்டு உழைப்பின் பின் வந்த அப்பட்டம் சற்றே நாணத்தைத் தருகிறது.

எழுதப்படாத கணக்கு

அவர் வாழ்வை முன்மாதிரி என்று மேடையில் சொல்லிவிடுவது எளிது. பெண்ணாகவும் ஆசிரியராகவும் இருந்து அக்கணக்கைப் பார்க்கும்போது, விடுபட்ட வரிகள் சில தென்படுகின்றன. ஐயர் தனியாளாக நின்று செய்யவில்லை. திருமானூர்க் கிருஷ்ணையர் போன்ற அன்பர் ஏடு பார்ப்பதிலும் ஒப்பு நோக்குவதிலும் உடனிருந்தனர், பிற்காலத்தில் கி.வா. ஜகந்நாதன் போன்ற மாணவர் வாய்த்தனர். மடங்களும் வள்ளல்களும் கைகொடுத்தனர். இவர்கள் பெயர்கள் வரலாற்றில் உள்ளன. ஆனால் அவர் ஏட்டின் முன் அமர்ந்திருந்த ஒவ்வொரு மாலையிலும் அடுப்பை மூட்டியவரும், வந்த விருந்தினர்க்கு இலையிட்டவரும், அவர் ஊர் ஊராய் ஏடு தேடிச் சென்ற நாள்களில் இல்லத்தைக் காத்தவரும் அவ்வீட்டுப் பெண்கள். அவர்கள் ஈந்த பொழுதும் புறநானூற்றின் பக்கங்களில் கலந்திருக்கிறது. கல்லூரியிலிருந்து மீண்டு, தாமே அடுப்பை மூட்டிவிட்டுப் பின்னர் எழுத உட்காரும் இன்றைய பெண் ஆசிரியரை ஐயரோடு ஒப்பிட்டு, நீ ஏன் அவ்வளவு செய்யவில்லை என்று கேட்பது நேர்மையாகாது.

அவ்வாறாயின் அவரிடமிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? விழித்திருந்த இரவுகளின் எண்ணிக்கை அன்று. தம் பணிகளை ஒன்றுக்கொன்று பகையாக்காத அந்த மனநிலை என்பேன். வகுப்புக்கு ஒரு தமிழ், ஏட்டுக்கு ஒரு தமிழ் என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை. கற்பித்தது கற்றதற்கு உதவியது. கற்றது கற்பித்தலுக்குத் திரும்பியது. நம்முடைய 16 மணி நேரமும் 24 மணி நேரமும் அவ்வாறு ஒன்றையொன்று ஊட்டுகின்றனவா? ஊட்டாதபோது, அது நம் சோம்பலாலா, அன்றி வேலையின் அமைப்பாலா? நம் குறையாயின் திருத்திக்கொள்வோம். அமைப்பின் குறையாயின், அதனை உரக்கச் சொல்லவும் வேண்டும். ஐயரின் பெயரைச் சொல்லி அதனை மூடிவிடுதல் ஆகாது.

1940இல் ஆனந்த விகடனில் தம் வரலாற்றை எழுதத் தொடங்கினார் ஐயர். போர்க்காலத்தில் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றம் சென்றிருந்தவர், 1942 ஏப்ரல் 28ஆம் நாள் அங்கே இயற்கை எய்தினார். என் சரித்திரம் மணிமேகலைப் பதிப்புக் காலத்தோடு நின்றுவிட்டது. சென்னைக் கல்லூரி வாழ்வும், பரிபாடலும், குறுந்தொகையும் அவர் கையால் எழுதப்பெறாமலே போயின. பிறர் நூல்களுக்கெல்லாம் பொழுதைப் பகிர்ந்தளித்தவருக்குத் தம் நூலை முடிக்கப் பொழுது போதவில்லை. 1943இல் அவர் பெயரால் நிறுவப்பெற்ற நூல்நிலையம் அவர் திரட்டிய ஏடுகளைக் காத்து வருகிறது.

பத்தாம் ஆண்டு காணும் நம் வட்டத்தார்க்கு என் வேண்டுகோள் ஒன்றே. பாதியில் நிற்கும் அக்கவிதையை இக்கோடை விடுமுறையில் எடுத்துப் பாருங்கள். வரும் விடைத்தாள் கட்டு எப்படியும் வரும். நானும் என் பாதிக் கட்டுரையை எடுக்கிறேன். அடுத்த கூட்டத்தில் சந்திப்போம்.