பரிதிமாற்கலைஞரும் சித்திரகவி மரபும்

முன்னுரை

ஆசுகவி, மதுரகவி, சித்திரகவி, வித்தாரகவி எனக் கவியை நால்வகைப்படுத்துவது தமிழ்ப் புலவர் மரபு. இவற்றுள் சித்திரகவி, செய்யுளின் எழுத்துகளை ஒரு வடிவத்துள் அடைத்துக் காட்டும் திறத்தைச் சார்ந்தது. பாம்பு, சக்கரம், தேர், குளம் முதலிய வடிவங்களில் எழுத்துகள் நின்று செய்யுளாகும். வருந்திப் பாடப்படுவது என்னும் கருத்தில் இதனை மிறைக்கவி என்றும் வழங்கினர். அச்சு நூல்கள் பெருகி உரைநடை வளர்ந்த பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், பாடுவாரும் படிப்பாரும் அருகிய இத்துறைக்குச் 'சித்திரகவி விளக்கம்' என ஒரு தனிநூல் எழுதியவர் பரிதிமாற்கலைஞர். நாடகத்திலும் பாடலிலும் புதுவடிவங்களைத் தேடிய ஒருவர், கட்டுப்பாடு மிக்க இப்பழந்துறையை விளக்க முற்பட்டது ஏன் என்னும் வினாவை முன்வைத்து, அவரது வாழ்க்கையை இக்கட்டுரை நோக்குகிறது.

இளமையும் கல்வியும்

மதுரையை அடுத்த விளாச்சேரியில் 1870ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 6ஆம் நாள் கோவிந்த சிவனார், இலட்சுமி அம்மையார் ஆகியோர்க்கு மகனாகப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சூரியநாராயணன். வடமொழியைத் தந்தையாரிடமும், தமிழை மதுரையில் சபாபதி முதலியாரிடமும் பயின்றார். பின்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்து 1892இல் இளங்கலைப் பட்டம் பெற்றார். வடமொழி, தமிழ், ஆங்கிலம் என்னும் மும்மொழிக் கல்வி அவரது பிற்கால ஆக்கங்கள் அனைத்திற்கும் அடித்தளமாயிற்று. சித்திரகவியைப் பொறுத்தவரை இக்கல்விக்குத் தனிப் பொருத்தமும் உண்டு. தண்டியின் காவியாதரிசத்திலும், அதன் வழிவந்த தமிழ்த் தண்டியலங்காரத்தின் சொல்லணியியலிலும் இத்துறை இடம்பெறுகிறது. இருமொழி மரபுகளையும் மூலத்திலேயே கற்றவர்க்கே பொதுமையும் வேறுபாடும் புலப்படும்.

கல்லூரிப் பணியும் படைப்புகளும்

பயின்ற கல்லூரியிலேயே 1893இல் தமிழாசிரியராகி, 1895இல் தமிழ்த்துறைத் தலைமைப் பொறுப்பை ஏற்றார். ஆர்வமுள்ள மாணவர்க்குத் தம் இல்லத்திலும் தமிழ் கற்பித்தார். அவர்களை இயற்றமிழ் மாணவர் என வழங்கினார். அவரது புலமையைப் போற்றிச் சி.வை. தாமோதரம்பிள்ளை 'திராவிட சாஸ்திரி' என்னும் சிறப்புப் பெயரை அளித்தார். நண்பர் மு.சி. பூரணலிங்கம் பிள்ளையோடு இணைந்து ஞானபோதினி என்னும் இதழின் வளர்ச்சியில் பங்கேற்றார். ரூபாவதி, கலாவதி, மானவிஜயம் ஆகிய நாடகங்களை இயற்றியதோடு, நாடகத்திற்கு இலக்கணம் கூறும் நாடகவியலை 1897இல் வெளியிட்டார்.

ஆங்கிலத்தில் சானெட் எனப்படும் பதினான்கடிப் பாவடிவைத் தமிழில் முயன்று அவர் பாடியவை தனிப்பாசுரத்தொகையாக வெளிவந்தன. ஜி.யு. போப் அவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். இப்பாடல்களுக்கே தம் வடமொழிப் பெயரைச் சொல்தோறும் தமிழாக்கிப் பரிதிமாற்கலைஞர் எனப் புனைந்துகொண்டார். சூரியன் பரிதியாகவும், நாராயணன் மாலாகவும், சாஸ்திரி கலைஞராகவும் மாறின. சுவடிகளில் அன்றி வாழ்வில் அவர் பெரிதும் அறியப்பட்டது சூரியநாராயண சாஸ்திரி என்ற பெயராலேயே. இன்று நிலைத்திருப்பது புனைபெயரே.

சித்திரகவியின் இயல்பு

தண்டியலங்காரம் கோமூத்திரி, கூடசதுக்கம், மாலைமாற்று, எழுத்துவருத்தனம், நாகபந்தம், வினாவுத்தரம், காதைகரப்பு, கரந்துறைச்செய்யுள், சக்கரம், சுழிகுளம், சருப்பதோபத்திரம், அக்கரச்சுதகம் எனப் பன்னிரண்டு வகைகளைச் சுட்டுகிறது. இவை அனைத்தும் ஓவிய வடிவின அல்ல. மாலைமாற்று முதலிலிருந்து படிப்பினும் ஈற்றிலிருந்து படிப்பினும் ஒன்றாகவே அமைவது. திருஞானசம்பந்தர் இவ்வகையில் முழுப்பதிகமே பாடியுள்ளார். கோமூத்திரியில் இருவரிகள் மேலும் கீழுமாக எழுதப்படும். மேல்வரியின் முதலெழுத்து, கீழ்வரியின் இரண்டாமெழுத்து, மேல்வரியின் மூன்றாமெழுத்து என மாறிமாறிப் படித்தாலும் மேல்வரியே கிடைக்கும். இதற்கு இருவரியிலும் ஒன்றுவிட்டு ஒன்று எழுத்துகள் ஒத்து நிற்றல் வேண்டும். நடக்கும் எருதின் நீர்த்தாரை நிலத்தில் வளைந்து விழும் வடிவே இதற்குப் பெயராயிற்று. நாகபந்தத்தில் பின்னிக்கிடக்கும் பாம்புகளின் உடல்கள் சந்திக்கும் அறைதோறும் ஓரெழுத்தே இருவழிக்கும் பொதுவாய் நிற்கும். சருப்பதோபத்திரத்தில் எட்டெழுத்தாலான நான்கடிகள் மேலிருந்து கீழும் கீழிருந்து மேலுமாக எழுதப்பட்டு அறுபத்து நான்கு அறைகளை நிரப்பும். அதனை எப்பக்கமிருந்து படிப்பினும் அச்செய்யுளே கிடைக்கும்.

சித்திரகவி விளக்கத்தின் இடம்

இவ்வகைச் செய்யுள்களுக்கு உள்ள இடர் ஒன்று குறிப்பிடத்தக்கது. பிற செய்யுள் சொல்லும் பொருளும் அறிந்த அளவில் விளங்கும். சித்திரகவியோ அடைப்பு முறையை அறியாதவரை விளங்காது. வரைபடம் மறைந்து பாடல் மட்டும் எஞ்சினால், எழுத்து ஏன் அவ்விடத்தில் நின்றது என்பது தெரியாமல், அது பொருள் நலம் குன்றிய செய்யுளாகவே தோன்றும். முறையறிந்த ஆசிரியர் தலைமுறை மறைந்தால் பாடல் இருந்தும் துறை அழியும். ஆதலின் இங்கு விளக்கம் என்பது உரைகூறுதலோடு அமையாது, துறையையே காப்பதாகும்.

சித்திரகவியை இலக்கியத்தின் உச்சமாகக் கொள்ளவேண்டுவதில்லை. வடிவத்தின் பொருட்டுப் பொருள் நெகிழும் இடங்கள் அதில் பல. எனினும் பதினான்கடி என்னும் வரம்பிற்குள் புதுப்பாடல் அமைக்க முயன்றவர்க்கு, வரம்பு கவிக்கு என்ன செய்யும் என்னும் வினா புதிதன்று. அயல்வடிவை ஏற்றலும் பழவடிவை விளக்குதலும் வடிவம் பற்றிய ஒரே அக்கறையின் இரு கூறுகள் எனக் கருத இடமுண்டு.

இறுதி ஆண்டுகள்

1902இல் சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தமிழை நீக்கும் முயற்சி எழுந்தது. பரிதிமாற்கலைஞர் பூரணலிங்கம் பிள்ளையோடு அதனை எதிர்த்தார். 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கமும் எதிர்ப்பில் இணைந்தது, அம்முயற்சி கைவிடப்பட்டது. தமிழ்மொழியின் வரலாறு என்னும் நூலில் தமிழை உயர்தனிச் செம்மொழி என அவர் நிறுவினார். என்புருக்கி நோயுற்று 1903 நவம்பர் 2ஆம் நாள் தம் முப்பத்து மூன்றாம் அகவையில் மறைந்தார். தமிழைச் செம்மொழியாக இந்திய அரசு அறிவித்தது 2004இல். இடையே ஒரு நூற்றாண்டு கழிந்திருந்தது.

முடிவுரை

பரிதிமாற்கலைஞரின் பணிகளுள் செம்மொழிக் கருத்து பெரிதும் பேசப்பட, சித்திரகவி விளக்கம் ஓரமாகவே நிற்கிறது. ஆயினும் இரண்டும் தம்முள் தொடர்புடையன. ஒரு மொழியைச் செம்மொழி எனக் கோருவோர், அதன் எளிதில் போற்றப்படும் பகுதிகளை மட்டும் காட்டி அமைய இயலாது. அருகிவரும் துறைகளின் முறைகளையும் கற்போர் கையில் சேர்த்தல் வேண்டும். பதின்ம ஆண்டு அளவேயான ஆசிரியப் பணிக்குள் அவர் இவ்விரண்டையும் செய்தார். இலக்கண நூல்களின் சொல்லணிப் பகுதி தேர்வு நோக்கில் விரைந்து கடக்கப்படும் இக்காலத்தில், அந்நூலைச் சித்திரகவி வரைபடங்களோடு ஒப்பிட்டு மீளக் கற்பது ஆய்வாளர் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.