என்றீக்கே என்றீக்கசு

என்றீக்கே என்றீக்கசு (1520 – 1600) போர்த்துக்கல் நாட்டைச் சேர்ந்த இயேசு சபைத் துறவி ஆவார். தமிழகத்தில் அண்டிரிக் அடிகளார் என அறியப்படுகிறார். தமிழ் எழுத்துகளில் அச்சான முதல் நூல்களை உருவாக்கியவர் என்றே இவர் பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறார். ஐரோப்பியர் ஒருவர் எழுதிய முதல் தமிழ் இலக்கணமும் இவருடையதே.

இளமை

போர்த்துக்கலின் வில்லா விசோசா என்னும் ஊரில் பிறந்தார். இவருடைய முன்னோர் கிறித்தவத்துக்கு மாறிய யூதர்கள். அக்காலப் போர்த்துக்கலில் இது பெருந்தடையாக இருந்தது. பிரான்சிசுக்கன் சபையில் சேர்ந்த இவர் இக்காரணத்தால் அங்கே தொடர முடியவில்லை. கோயம்பிராவில் திருச்சபைச் சட்டம் பயின்றபின் 1545 இல் இயேசு சபையில் இணைந்தார். அடுத்த ஆண்டு இந்தியா வந்தார்.

தமிழ் கற்றல்

1547 இல் பிரான்சிசு சேவியர் இவரை முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு அனுப்பினார். அங்குள்ள பரதவர் 1530களில் கிறித்தவத்தைத் தழுவியிருந்தனர். எனினும் குருமார்களுக்கு அம்மக்களின் மொழி தெரியாது. மறையுரை முதல் பாவ அறிக்கை வரை மொழிபெயர்ப்பாளர் வழியாகவே நடந்தது. தன் மனத்தில் உள்ளதை ஒருவர் மூன்றாம் ஆள் ஒருவரின் காது வழியாகச் சொல்ல நேர்ந்த நிலை அது.

என்றீக்கசு முதலில் தமிழைக் கற்க இயலாதெனக் கைவிடும் நிலைக்கு வந்துவிட்டார். பின்னர் இரவு பகலாக முயன்றார். 1548 அக்டோபரில் வேம்பாற்றிலிருந்து உரோமைக்கு எழுதிய மடலில் தம் முறையை விளக்கியுள்ளார். இலத்தீன் கற்போர் செய்வதுபோலத் தமிழ் வினைகளைக் கால வாரியாக அடுக்கினார். பெயர்களுக்கு இரண்டாம், நான்காம், ஆறாம் வேற்றுமை வடிவங்களைத் தேடினார். சொற்றொடரில் எது முன், எது பின் வரும் எனக் குறித்துக்கொண்டார். சில மாதங்களில் மொழிபெயர்ப்பாளரின்றிப் பேசலானார்.

வேம்பாற்றுக்குக் கிழக்கே இன்றைய மாரியூர், வாலிநோக்கம், கீழக்கரை ஆகிய ஊர்களைக் கடந்து செல்லும் கரையில் மண்டபத்துக்கு அருகே வேதாளை உள்ளது. இக்கடற்கரைப் பணியின் தலைவரான அந்தோனியோ கிரிமினாலி 1549 இல் அங்கே கொல்லப்பட்டார். அவருக்குப்பின் என்றீக்கசு தலைமைப் பொறுப்பேற்றார். புன்னைக்காயலில் ஒரு மருத்துவமனையையும் தொடங்கினார். குருமார் தங்களுக்குள்ளும் தமிழிலேயே பேசவேண்டும் என்ற வழக்கத்தை ஏற்படுத்தினார்.

இலக்கணம்

மற்றவர்களும் கற்கும்பொருட்டு இலக்கணம் ஒன்றை எழுதுமாறு சேவியர் இவரைப் பணித்தார். இதன்படி போர்த்துக்கேய மொழியில் 'மலபார் மொழி இலக்கணம்' உருவானது. அக்காலத்தில் போர்த்துக்கேயர் தமிழையும் மலபார் என்றே அழைத்தனர். சோவாவோ தெ பாரோசு 1540 இல் வெளியிட்ட போர்த்துக்கேய இலக்கணத்தை இவர் துணையாகக் கொண்டார். அதுவும் இலத்தீன் இலக்கணத்தைப் பின்பற்றியதே. எனவே தமிழ்ப் பெயர்ச்சொற்கள் இலத்தீன் சட்டகத்துக்குள் வைக்கப்பட்டன.

இச்சட்டகம் எவ்வளவு பொருந்தும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம் (இது என்றீக்கசு தந்ததன்று). முத்து என்பதற்கான இலத்தீன் சொல் மார்கரீத்தா. இது முதல் பெயர்த்திரிபு வகையைச் சேர்ந்தது. முத்தை என்பதற்கு மார்கரீத்தாம், முத்துகளை என்பதற்கு மார்கரீத்தாசு எனவரும். அதாவது வேற்றுமையும் எண்ணும் ஒரே ஈற்றில் கலந்துள்ளன. தமிழில் ஒருமைக்கும் பன்மைக்கும் அதே 'ஐ' உருபுதான். 'கள்' தனியே நிற்கிறது. மேலும், மார்கரீத்தே என்ற ஒரே வடிவம் முத்தினது, முத்துக்கு, முத்துகள் ஆகிய மூன்று பொருளிலும் வரும். கற்போர் இடம் பார்த்தே பொருள் கொள்ள வேண்டும்.

இலத்தீன் ஐந்து பெயர்த்திரிபு வகைகளைக் கொண்டது. ஒவ்வொன்றுக்கும் ஈறுகள் வேறு. தமிழில் உருபுகள் எல்லாப் பெயர்களுக்கும் ஏறத்தாழ ஒன்றே. மாறுவது பெரும்பாலும் பெயரின் அடி மட்டுமே (மரம் – மரத்தை, வீடு – வீட்டை). வேற்றுமைகளின் எண்ணிக்கையும் ஒத்துவராது. இலத்தீனில் வழக்கமாக ஆறு, தமிழ் மரபில் எட்டு. 'ஆல்', 'ஓடு', 'இல்', 'இன்' என நாம் பிரித்துச் சொல்லும் பலவற்றை இலத்தீன் தன் கடைசி வேற்றுமை ஒன்றிலேயே, சில வேளை முன்னிடைச் சொற்களின் துணையுடன், அடக்கிவிடும்.

ஆகவே இது தொல்காப்பிய, நன்னூல் மரபில் வந்த நூலன்று. அதனால் குறைவுடையது எனக் கருதுவது சரியாகாது. கடற்கரை மக்கள் 16 ஆம் நூற்றாண்டில் பேசிய தமிழை இந்நூல் பதிவு செய்துள்ளது. செய்யுள் வழக்கையே போற்றிய நம் இலக்கண நூல்களில் அப்பேச்சுத் தமிழுக்கு இடம் கிடைக்கவில்லை.

அச்சு நூல்கள்

1578 அக்டோபர் 20 இல் கொல்லத்தில் 16 பக்கங்களுடன் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. மொழிபெயர்ப்பில் மனுவேல் தெ சான் பேத்ரோ என்பவர் உதவினார். அடுத்த ஆண்டு கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' வெளிவந்தது. புனிதர்களின் வரலாறுகளைக் கூறும் 'அடியார் வரலாறு' 1586 இல் வந்த பெருநூலாகும்.

மறைவும் கையெழுத்துப் படியும்

ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இக்கரையில் பணியாற்றிய என்றீக்கசு 1600 இல் புன்னைக்காயலில் காலமானார். உடல் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டது.

இவருடைய இலக்கணம் இவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. கையெழுத்துப் படி லிசுபன் தேசிய நூலகத்தில் உள்ளது. தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் 1950களில் இதன்பால் ஆய்வாளர்களின் கவனத்தை ஈர்த்தார். 1982 இல் ஆன்சு பெர்மேர் இதைப் பதிப்பித்தார். சீன் ஐன், வி. எசு. இராசம் ஆகியோரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2013 இல் ஆர்வர்டு கீழைத்தேய வரிசையில் வெளியானது.