காந்தியைச் செதுக்கிய நந்தலால் போஸ்

டிராயிங் பீரியட்ல வெண்டைக்காயை வெட்டி, மையில் தொட்டு, பூ அச்சு போட்டிருப்பீங்க. உருளைக்கிழங்கில் பெயரை வெட்டினால் அது இடம் வலம் மாறி விழும், நாம எல்லாரும் சிரிப்போம். கிட்டத்தட்ட இதே முறையில் நாடே அறிந்த படம் ஒன்றைச் செய்தவர் நந்தலால் போஸ்.

இவர் 1882 டிசம்பர் 3-ல் பீகாரில் உள்ள கரக்பூரில் பிறந்தார். சின்ன வயசிலேயே பூஜைக்குச் சிலை செய்வதில் ஆசை. வீட்டிலோ காலேஜ் படிப்பு படிக்கச் சொன்னார்கள். பரீட்சையில் திரும்பத் திரும்ப ஃபெயில்! கடைசியில் வீட்டாரைச் சம்மதிக்க வைத்து, கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே அவனீந்திரநாத் தாகூர் இவருக்குக் குரு. பிறகு சாந்திநிகேதனில் கலாபவனத்தின் முதல்வர் ஆனார்.

1930-ஆம் வருஷம். உலகம் முழுக்கப் பொருளாதார மந்தம். விவசாயிக்கு விளைச்சல் இருந்தும் விலை இல்லை. அதோடு உப்புக்கும் வரி. மார்ச் 12-ல் காந்தியடிகள் தண்டிக்கு நடக்க ஆரம்பித்தார். ஏப்ரல் 13-ல், நம்ம சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி, திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். அவர்கள் பாடிக்கொண்டே போன பாட்டு நம்ம நாமக்கல் கவிஞர் எழுதியது.

பாட்டு இங்கே பிறந்தது. படம் சாந்திநிகேதனில் பிறந்தது. நந்தலால் லினோலியம் என்ற தரைவிரிப்புத் துண்டை எடுத்து உளியால் செதுக்கினார். செதுக்கிய இடத்தில் மை ஒட்டாது, அது வெள்ளையாக விழும். மற்ற இடமெல்லாம் கறுப்பு. கறுப்பு நடுவே வெள்ளைக் கோடுகளில், கையில் தடியோடு காந்தி நடக்கிறார். அவ்வளவுதான் படம்!

இதில் ரப்பர் போட்டு அழிக்க முடியாது. ஒரு கோடு தவறினால் துண்டே வீண். ஆனால் ஒழுங்காகச் செதுக்கிவிட்டால் ஒரே துண்டிலிருந்து பல பிரதிகள் எடுக்கலாம். செலவும் குறைவு.

அமெரிக்காவில் 1935 முதல் அரசே சம்பளம் கொடுத்து ஓவியர்களை இப்படி அச்சுப்படம் போட வைத்தது. இங்கே வெள்ளைக்கார அரசை எதிர்க்கும் படத்துக்கு யார் சம்பளம் தருவாங்க? நந்தலால் அதற்காகக் காத்திருக்கவில்லை.

1938-ல் காந்தி கேட்டுக்கொண்டதால், ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டுக்குக் கிராமத்து ஜனங்களின் வேலைகளையே படங்களாக வரைந்து கொடுத்தார். சுதந்திரத்துக்குப் பிறகு அரசின் அழைப்பும் வந்தது. நம் அரசியலமைப்புச் சட்டத்தின் கையெழுத்துப் பிரதியில் உள்ள படங்களை இவரும் இவர் மாணவர்களும்தான் வரைந்தார்கள். 1954-ல் பத்ம விபூஷண் கிடைத்தது. 1966 ஏப்ரல் 16-ல் காலமானார்.

நண்பர்களே, பரீட்சையில் ஃபெயில் ஆனவர் வரைந்த படங்கள் நாட்டின் சட்டப் புத்தகத்திலேயே இருக்கின்றன. மார்க் குறைஞ்சா படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆசிரியர்களே கோபிக்காதீங்க! நமக்கு எது நல்லா வருதோ, அதையும் கைவிடாம செய்வோம்.