அச்சம் தாண்டி அச்சேறிய நூல்

பண்டமாரானில் வாழும் ஒரு மாணவர் இன்று புறநானூற்றைப் படிக்க விரும்பினால், நூலகத்திலோ கைப்பேசியிலோ அதை எளிதாகத் தேடி எடுக்கலாம். 1880ஆம் ஆண்டில் தமிழகத்திலேயே அந்த வாய்ப்பு இல்லை. பழந்தமிழ் நூல்கள் பலவும் பனையோலைச் சுவடிகளில் முடங்கிக் கிடந்தன, கறையான்களுக்கும் இரையாயின. அவற்றுள் பலவற்றை மீட்டு அச்சில் பதிப்பித்தவர் உ.வே.சாமிநாதையர். தமிழ்த் தாத்தா என்று நாம் போற்றும் இவரும், தொடக்கத்தில் தம் அறியாமையைக் கண்டு திகைத்தவரே.

உத்தமதானபுரத்தைச் சேர்ந்த சாமிநாதையர் 1855ஆம் ஆண்டு பிறந்தார். இளமையில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார். 1876இல் ஆசிரியர் மறையும் வரை அவருடன் இருந்து கற்றார். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகப் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 25. நிறையக் கற்றுவிட்டோம் என்ற மனநிறைவு அவருக்கு இருந்தது.

அந்த ஆண்டு, கும்பகோணத்தில் முன்சீப்பாகப் பணியாற்ற வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சாமிநாதையர் சந்தித்தார். தாம் கற்ற அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை நூல்களை வரிசையாகச் சொன்னார். முதலியார் வியக்கவில்லை. அவற்றைவிடப் பழைமையான சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். சாமிநாதையர் அதைப் படித்ததில்லை. ஆயினும், நூல் கிடைத்தால் படித்துப் பொருள் கூற முடியும் என்று நம்பினார். முதலியார் தம்மிடமிருந்த கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தார்.

நூலைத் திறந்ததும் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. திருத்தக்கதேவர் இயற்றிய அக்காப்பியம் சமண சமயக் கருத்துகள் நிறைந்தது. சைவச் சூழலில் தமிழ் கற்ற அவருக்கு அவை புதியனவாக இருந்தன. நச்சினார்க்கினியரின் உரையோ, அவர் கேள்விப்பட்டிராத நூல்களிலிருந்து மேற்கோள்களைக் காட்டியது. பல ஆண்டுகள் கற்ற கல்வி இந்த ஒரு நூலுக்குப் போதவில்லை.

இத்தகைய வேளையில் நூலை மூடி வைத்துவிடுவது எளிது. ஆனால் சாமிநாதையர், தமக்கு எது தெரியவில்லை என்பதைத் தெளிவாகக் கண்டறிந்தார். அதை அறிந்தவர்களைத் தேடினார். கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்கள் சிந்தாமணியைப் போற்றிப் படித்து வந்தனர். அவர்களின் இல்லங்களுக்குச் சென்று தம் ஐயங்களைக் கேட்டார். கல்லூரியில் பாடம் நடத்திய ஆசிரியர், அங்கே கேட்டறியும் மாணவரானார். புரியாத பகுதிகள் மெல்ல மெல்ல விளங்கத் தொடங்கின.

பின்னர், அக்காப்பியத்தைப் பதிப்பிக்கும் எண்ணம் எழுந்தது. ஊர் ஊராகச் சென்று சுவடிகளைத் திரட்டினார். ஒரு சுவடியில் இருந்த பாடம் மற்றொன்றில் வேறாக இருந்தது. சில இடங்களில் மூலம் எது, உரை எது என்று பிரித்தறிவதே கடினமாயிற்று. அச்சுச் செலவுக்குப் பணமும் திரட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு சொல்லையும் ஒப்பிட்டுப் பார்த்து, கல்லூரி விடுமுறைகளில் சென்னைக்குச் சென்று அச்சுத் தாள்களைத் திருத்தினார். ஏழாண்டு உழைப்பின் பயனாக, 1887இல் சீவக சிந்தாமணி உரையுடன் வெளிவந்தது.

பாராட்டுடன் கடுமையான கண்டனங்களும் வந்தன. மனம் வருந்திய சாமிநாதையர் மறுப்பு ஒன்றை எழுதி, கல்லூரியில் உடன் பணியாற்றிய சாது சேஷையரிடம் காட்டினார். அவர் அதைக் கிழித்தெறிந்தார். கண்டனங்களுக்கு விடை எழுதத் தொடங்கினால் அதற்கு முடிவே இராது. அந்நேரத்தை அடுத்த நூலுக்குச் செலவிடலாம் என்பதே அவரது அறிவுரை.

சாமிநாதையர் அதை ஏற்றார். 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் அவர் பதிப்பில் வெளிவந்தன. 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது. 1942இல் மறையும் வரை அவரது தமிழ்ப்பணி தொடர்ந்தது.

ஐயமும் தயக்கமும் எவருக்கும் வரும். எனக்குத் தெரியவில்லை என்று சொல்லி ஒதுங்கியிருந்தால், சாமிநாதையரைத் தமிழுலகம் அறிந்திருக்காது. தெரியாததை ஒரு வினாவாக்கி, அதைக் கேட்கத் துணிந்ததே அவரது வெற்றியின் தொடக்கமாகும்.