டாக்டர் ஆல்பர்ட் சேபின்

ராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள நமது வடசென்னையில், குழந்தையின் நாவில் இரண்டு சொட்டுப் போலியோ மருந்து வார்க்கப்பெறாத இல்லத்தைக் காண்டல் அரிது. அம்மருந்தை உலகிற்கு உதவியவர் டாக்டர் ஆல்பர்ட் சேபின் என்பதைக் கற்றோர் பலர் அறிவர். ஆயின், மழைக்காலந்தோறும் நம் தெருக்களை அச்சுறுத்தும் டெங்குக் காய்ச்சல் ஒரே காய்ச்சலன்று எனக் காட்டியவரும் அவரே என்பதை அறிந்தார் சிலரே. ஆதலின் அப்பெரியாரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

சேபின் 1906 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 26 ஆம் தேதி, அந்நாளில் ருஷ்ய சாம்ராஜ்யத்திற்குட்பட்டதும் இன்று போலந்து நாட்டைச் சேர்ந்ததுமான பியாலிஸ்டாக் நகரில், யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். 1921 இல் அக்குடும்பத்தார் அமெரிக்கா சென்று நியூ ஜெர்சியிற் குடியேறினர். பல் வைத்தியம் கற்கத் தொடங்கிய அவ்விளைஞர், கிருமிகளை ஆராய்ந்த அறிஞர்களைப் பற்றிய நூலொன்றைப் படித்து மனமாற்றமடைந்து, பொது வைத்தியத்திற் புகுந்து, 1931 இல் நியூயார்க் சர்வகலாசாலையிற் பட்டம் பெற்றார். 1939 முதல் சின்சினாட்டி நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையைச் சார்ந்து ஆராய்ச்சி நடத்தி வந்தார்.

இரண்டாம் உலக யுத்தம் மூளவே, சேபின் இராணுவ வைத்தியப் பகுதியிற் சேர்ந்தார். பகைவர் குண்டுக்குத் தப்பிய போர்வீரர் பலர் டெங்குவிற்குத் தப்பாது படுக்கையில் வீழ்ந்தனர். 1944 இல் கல்கத்தாவில் நோயுற்ற அமெரிக்க வீரரது இரத்தத்தினின்றும், ஹவாயிலும் நியூ கினியிலும் நோயுற்றாரது இரத்தத்தினின்றும் எடுத்த வைரஸ்களை அவர் ஒப்புநோக்கினார். கல்கத்தாவினதும் ஹவாயினதும் ஓரினமாயிருந்தன. நியூ கினியிற் கிடைத்தவற்றுட் சில வேறினமாயிருந்தன. சிறைவாசிகள் உள்ளிட்ட தொண்டர்களிடம் அவர் செய்த சோதனைகளால், ஓரினத்தால் நோயுற்றவர்க்கு அவ்வினத்தினின்று நெடுங்காலப் பாதுகாப்புண்டு என்பதும், மற்றையினத்தினின்று கிட்டும் பாதுகாப்போ சில மாதங்களில் ஒழிந்துவிடும் என்பதும் புலனாயின. சிறைவாசிகளை இவ்வாறு சோதனைக்குட்படுத்துவதை இக்கால வைத்திய நெறி எளிதில் ஒப்பாது என்பதையும் மறைத்தலாகாது.

1956 இல் மணிலாவில் வேறிரண்டினங்கள் கண்டறியப்பட்டன, ஆக நான்காயின. இந்நான்கினுள்ளும் உட்பிரிவுகள் பல உண்டென இன்றைய மரபணு ஆராய்ச்சி கூறுகின்றது. இவை கடலுக்கஞ்சுவனவல்ல. இந்நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசுவே ஆப்பிரிக்காவிற் றோன்றி, பாய்க்கப்பல்களின் தண்ணீர்ப் பீப்பாய்களில் உலகெங்கும் பரவியதாகும். துறைமுகப்பட்டினமாகிய சென்னையில் 1780 ஆம் ஆண்டிலேயே டெங்குவை ஒத்த காய்ச்சல் பரவியதாக வைத்திய சரித்திரம் கூறும். 1968 இல் நம் வேலூரில் நான்கினங்களும் ஒரே ஆண்டிற் கண்டெடுக்கப்பட்டன. 2023 இல் மேற்கு ஆப்பிரிக்காவின் புர்க்கினா பாசோ நாட்டை இந்நோய் வாட்டியபொழுது, அங்கும் ஓரினமன்று, முதலினமும் மூன்றாமினமும் ஒருங்கே உலவின.

யுத்தம் முடிந்தபின் சேபின் போலியோ ஆராய்ச்சிக்கு மீண்டார். அந்நோய்க்கு மூவினங்களுள, அம்மூன்றையும் வலிகுன்றச் செய்து வாய்வழி அருந்தும் மருந்தாக்கினார். 1959 இல் அது ருஷ்ய நாட்டிற் பல இலட்சம் பேருக்கு அளிக்கப்பட்டுப் பயன் கண்டது. அம்மருந்திற்கு அவர் காப்புரிமை கொள்ளாமையால், ஏழை நாடுகளும் குறைந்த விலையில் அதனைப் பெற்றன. 1993 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 3 ஆம் தேதி அவர் வாஷிங்டனில் உயிர்நீத்தார். இந்தியா போலியோ ஒழிந்த நாடென 2014 இல் உறுதிசெய்யப்பட்டதைக் காண அவர் இருந்திலர்.

போலியோவை வென்ற அவ்வறிஞர், டெங்குவிற்கும் ஒரு மருந்து காண முயன்றவரே. சுண்டெலிகளின் மூளையிற் பலமுறை வளர்த்து வலியிழக்கச் செய்த வைரஸ் மாந்தருக்குப் பாதுகாப்பளிக்கும் என 1945 இல் வெளியிட்டார். அஃது ஓரினத்தை மட்டுமே தடுப்பதாயிற்று. நான்கையும் ஒருங்கே தடுக்க வேண்டியிருத்தலே இன்றளவும் இத்துறையிற் பெருந்தடையாகும்.

இச்சரித்திரத்தால் நாம் பெறும் படிப்பினை யாது? ஒருமுறை டெங்கு வந்துபோயிற்று, இனி அச்சமில்லை என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் உயிர்க்கு இறுதி தருவது. வேறோரினத்தால் இரண்டாமுறை வரும் காய்ச்சலே பெரும்பாலும் கொடியது என்பது பின்வந்த அறிஞர் துணிபு. ஆகவே காய்ச்சல் தணிந்த பின்னரும் ஓயாத வாந்தியோ, வயிற்றுவலியோ, இரத்தக்கசிவோ காணின், ஒரு பொழுதுந் தாழாது ஸ்டான்லி போன்ற மருத்துவமனையை அடைதல் வேண்டும். ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதன்று. லாரித் தண்ணீரைப் பிடித்துவைக்கும் நமது டிரம்மிலும், தொட்டியிலும், திருவொற்றியூர்ச் சாலையோரத்துப் பழைய டயரிலும் தங்கும் தெளிந்த நீரிலேயே முட்டையிடுவது. வாரம் ஒருமுறை அவற்றைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவி மூடிவைத்தல் எவர்க்கும் இயல்வதே. நான்கினங்களுக்கும் வாகனம் அவ்வொரு கொசுவே. அதனை ஒழித்தலே, நம் குழந்தைகளின் கால்களைக் காத்தளித்த அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும்.