விசைகளை இணைக்க விழைந்த அறிஞர்

நுழையும்முன்

சிவகாசியில் செய்த வாணம் விண்ணில் வெடித்து ஒளி சிந்துகிறது; அதன் எரிந்த கூடு மண்ணில் வீழ்கிறது. ஒளி, மின்காந்த விசையின் வெளிப்பாடு. கூட்டை வீழ்த்துவது ஈர்ப்பு விசை. இவ்விரண்டும் ஒரே மூலத்தின் இரு தோற்றங்களா? இவ்வினாவிற்கு விடை தேடிய இந்திய அறிஞர் ஒருவரின் வாழ்வை அறிவோம்.

இளமையும் கல்வியும்

சத்யேந்திரநாத் போஸ் 1894ஆம் ஆண்டு சனவரி 1ஆம் நாள் கொல்கத்தாவில் பிறந்தார். 1915இல் முதுகலைத் தேர்வில் முதலிடம் பெற்றார். நண்பர் மேகநாத் சாகாவுடன் இணைந்து, ஐன்ஸ்டைனின் சார்பியல் கட்டுரைகளை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அந்நூல் 1920இல் வெளிவந்தது.

டாக்காவிலிருந்து ஒரு மடல்

1921இல் டாக்கா பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி ஏற்றார். இரண்டு பந்துகளை இரண்டு பெட்டிகளில் இடுவதற்கு 4 வழிகள் உண்டு. ஒளித்துகள்களோ ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிய இயலாதவை. ஆகவே, அவற்றிற்கு 3 வழிகளே உண்டு. இப்புதிய எண்ணும் முறையால் ஒளிக்கதிர்வீச்சின் விதியை நிறுவிய போஸ், 1924இல் தம் கட்டுரையை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். முன்பின் அறியாத ஆசிரியர் ஒருவரின் ஆய்வை ஐன்ஸ்டைனே செருமானிய மொழியில் பெயர்த்து வெளியிட்டார். முனைவர் பட்டம் பெறாத போஸ், டாக்காவிலேயே பேராசிரியராக உயர்ந்தார். நம் விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பு தந்த இயற்பியலறிஞர் கே.எஸ். கிருஷ்ணனும் 1928 முதல் சில ஆண்டுகள் அங்கே அவருடன் பணியாற்றினார்.

ஒருங்கிணைப்புத் தேடல்

ஈர்ப்பையும் மின்காந்தத்தையும் ஒரே கோட்பாட்டுள் அடக்க ஐன்ஸ்டைன் தம் இறுதிக்காலம் வரை முயன்றார். அக்கோட்பாட்டின் கடினமான 64 சமன்பாடுகளுக்குத் தீர்வு காணும் பணியில், அறுபதை எட்டும் அகவையில் போஸ் இறங்கினார். 1953 முதல் 1955 வரை அது குறித்து ஆய்வுக்கட்டுரைகள் வெளியிட்டார். கணக்கு கைகூடியது, எனினும், இயற்கை அவ்வாறுதான் இயங்குகிறது என்பதற்குச் சான்று கிட்டவில்லை. 1955இல் ஐன்ஸ்டைன் மறைந்தார். இருவர் கனவும் நிறைவேறாமல் நின்றது.

தாய்மொழியில் அறிவியல்

தாய்மொழியிலேயே அறிவியலைப் பயிற்றுவிக்க வேண்டும் என்பதில் போஸ் உறுதியாக இருந்தார். 1948இல் வங்காள அறிவியல் கழகத்தை நிறுவினார். இந்திய அரசு 1954இல் பத்ம விபூஷண் விருதளித்துச் சிறப்பித்தது. 1974ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் இயற்கை எய்தினார்.

அழியாப் பெயர்

மின்காந்த விசையும் மென் அணுக்கரு விசையும் ஒன்றே என்பதைப் பிற்கால அறிஞர்கள் நிறுவினர். அவ்விசைகளைச் சுமக்கும் துகள்கள் யாவும் போஸ் கண்ட எண்ணும் முறைக்கே கட்டுப்படுகின்றன. அதனால் அவை 'போசான்கள்' எனப் பெயர் பெற்றன. ஈர்ப்பு இன்றும் இணையாமல் தனித்தே நிற்கிறது. போஸ் விட்டுச்சென்ற அவ்வினா, அடுத்த தலைமுறைக்காகக் காத்திருக்கிறது.