கணக்குக் கேட்ட பெரியவர் ஜே.பி.

நம்ம திருத்தணியில போராட்டம்னா எல்லைப் போராட்டமும் ம.பொ.சி.யும்தான் ஞாபகம் வரும். 1960 ஏப்ரல் 1 அன்று நம் ஊர் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது அந்தப் போராட்டத்தால்தான். இந்த மலரில் நான் எழுதுவது இன்னொரு பெரியவரைப் பற்றி. ஆட்சியில் இருப்பவர்களிடம் மக்களைக் கணக்குக் கேட்க வைத்த ஜெயப்பிரகாஷ் நாராயண், சுருக்கமாக ஜே.பி.

1902-ல் பீகாரும் உத்தரப்பிரதேசமும் சேருமிடத்தில் உள்ள சிதாப் தியாரா கிராமத்தில் பிறந்தார். அதுவும் நம்ம ஊர் மாதிரி எல்லை ஊர்தான். அமெரிக்காவில் பழத்தோட்டத்தில் கூலி வேலை செய்து படித்தார். 1942-ல் தீபாவளி ராத்திரி, வேட்டிகளை முடிச்சுப் போட்டு ஹசாரிபாக் சிறைச் சுவரைத் தாண்டினார். சுதந்திரத்துக்குப் பிறகு பதவி பக்கமே போகாமல் வினோபாவின் பூதானத்தில் இறங்கினார்.

அவர் மனைவி பிரபாவதி அம்மாவைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரல. பாட்னாவில் பெண்களுக்காக மகளிர் சர்க்கா சமிதி நடத்தியவர். நம்ம குழுக்களுக்கெல்லாம் மூத்த அக்கான்னே சொல்லலாம். 1973-ல் அவர் இறந்தபோது ஜே.பி. ஒடிந்துபோனார்.

அந்த வருஷக் கடைசியில் குஜராத்தில், அகமதாபாத் கல்லூரி விடுதியில் சாப்பாட்டுக் கட்டணத்தை ஏற்றினார்கள். எண்ணெய், பருப்பு விலை ஏறினா வீட்டுக் கணக்கு எப்படி இடிக்கும்னு நமக்குத் தெரியாதா? விடுதியில் தொடங்கிய கோபம் ஊழலுக்கு எதிராகத் திரும்பி, 1974 பிப்ரவரியில் முதலமைச்சரே பதவி விலக வேண்டியதாயிற்று.

அடுத்த மாதம் பீகார் மாணவர்கள் கிளம்பினார்கள். போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. தலைமை தாங்கச் சொல்லி ஜே.பி.யிடம் வந்தார்கள். அவருக்கு அப்போது 71 வயது. வன்முறை கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார். ஏப்ரல் 8 அன்று பாட்னாவில் ஊர்வலம் போனது. வாயில் துணி, கைகள் முதுகுக்குப் பின்னால், ஒரு கோஷம் கிடையாது. அந்த அமைதிக்கு அரசாங்கம் என்ன பதில் சொல்ல முடியும்? நவம்பரில் அந்த வயதானவர் மேலும் தடி பாய்ந்தது.

1975 ஜூனில் நெருக்கடி நிலை அறிவித்தார்கள். ஜே.பி.யை விடியுமுன் கைது செய்தார்கள். காவலில் இருந்தபோதே சிறுநீரகம் கெட்டது. 1977 தேர்தலில் இந்திரா காந்தி தோற்றார், ஜே.பி. ஒன்றுசேர்த்த ஜனதா வென்றது. அவர் எந்தப் பதவியும் வாங்கிக்கொள்ளவில்லை.

அந்த ஆட்சி சண்டை போட்டே 1979-ல் கவிழ்ந்தது. அன்றைய மாணவர் தலைவர்களில் ஒருவரான லாலு பிரசாத் பிறகு முதலமைச்சராகி, மாட்டுத்தீவன ஊழல் வழக்கில் தண்டனையும் பெற்றார். அதனால எல்லாம் வீண்னு சொல்றவங்க உண்டு. நான் அப்படி நினைக்கல. நம்ம குழுவுல ஒரு வருஷம் கணக்கு சரியா இருந்துச்சுன்னு அடுத்த வருஷம் பேரேட்டைப் பார்க்காம விடறோமா?

சிறைக்குப் பின் அவர் உயிர் டயாலிசிஸ் இயந்திரத்தை நம்பியிருந்தது. அதற்குப் பொதுமக்கள் பணம் கொடுத்தார்கள். பிரதமரின் நிவாரண நிதியிலிருந்தும் தொகை வந்தது. அதை அவர் திருப்பி அனுப்பிவிட்டார். 1979 அக்டோபர் 8 அன்று பாட்னாவில் காலமானார்.